முடிவில்லாத கம்பியும் சுழலும் தட்டும்

முதலில் ஒரு கேள்வி. பூமியிலிருந்து நிலா வரைக்கும் நீளமாக ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எதுவும் தடுக்கவில்லை. எடையைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்த முனையை நீங்கள் ஒரு அடி தள்ளுகிறீர்கள். நிலாவில் உட்கார்ந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் உங்கள் நண்பருக்கு அது எப்போது தெரியும்? ஒளி அங்கே போய்ச் சேர 1.28 விநாடி ஆகும். ஆனால் கம்பி ஒரே துண்டு. இந்த முனை நகர்ந்தால் அந்த முனையும் உடனே நகரத்தானே வேண்டும்? அப்படியானால் ஒளியை முந்திக்கொண்டு தந்தி அடித்துவிட்டோமே!

கல்லூரி விடுதிகளில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கட்டாயம் வரும் கேள்வி இது. ரொம்பப் பேருக்கு விடையும் தெரியும். கம்பி என்பது அணுக்களின் வரிசை. நீங்கள் தள்ளுவது முதல் அணுவை மட்டும்தான். அது அடுத்ததைத் தள்ளும், அது அதற்கு அடுத்ததை. இந்தத் தள்ளல் இரும்புக்குள் ஒலி போகும் வேகத்தில்தான் போகும், அதாவது விநாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். நிலாவின் தூரம் 3,84,400 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 21 மணி நேரம். இன்று சாயங்காலம் தள்ளினால் நண்பருக்கு நாளை மதியத்துக்கு மேல் தெரியும். தபால்காரரே பரவாயில்லை :-)

ஆனால் கேட்டவன் விடமாட்டான். "சரிடா, இரும்பு வேண்டாம். கொஞ்சம்கூடச் சுருங்காத, வளையாத, நூறு சதவீதம் விறைப்பான ஒரு பொருள் என்று வைத்துக்கொள்." இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், "அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது." எனக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. ஏதோ இன்னும் நல்ல இரும்பு கண்டுபிடித்தால் சரியாகிவிடும் என்பதுபோல ஒலிக்கிறது. கேட்டவன் கடையில் கிடைக்கிறதா என்று கேட்கவில்லையே, கற்பனை செய்யலாமா என்றுதானே கேட்டான்?

கற்பனைகூடச் செய்ய முடியாது என்பதுதான் உண்மையான விடை. அந்த விடைக்கு வந்துசேர பெரிய பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். (நான் படிப்பது பி.காம். ஆகவே சமன்பாடு எதுவும் வராது, தைரியமாகப் படிக்கலாம்.)

விறைப்பான பொருளைப் பற்றிய பெருமை ஆர்க்கிமிடீஸிலிருந்தே தொடங்குகிறது. நிற்க ஒரு இடம் கொடுத்தால் பூமியையே நகர்த்திக்காட்டுகிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். நெம்புகோலின் விதி சரிதான். ஆனால் பூமியின் நிறை சுமார் 6-க்குப் பின்னால் 24 சைபர் போட்ட அளவு கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதை நெம்ப வேண்டுமானால், பூமியின் பக்கம் நெம்புகோல் 1 மீட்டர் இருந்தால் அவர் பக்கம் சுமார் ஒரு கோடி ஒளியாண்டு நீளம் இருக்கவேண்டும். ஆண்ட்ரோமெடா மண்டலமே 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. அவர் தள்ளிய செய்தி பூமிக்கு வந்துசேர, ஒளியின் வேகத்தில் வந்தால்கூட ஒரு கோடி வருடம். நெம்புகோல் விதியில் இந்தக் காத்திருப்பு எங்கேயும் எழுதப்படவில்லை. கோல் விறைப்பானது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குள் அது மறைந்துபோயிற்று.

எங்கள் கணக்கியலிலும் இப்படி ஒன்று உண்டு. ஐந்தொகை போடும்போது ரூபாயின் மதிப்பு மாறாது என்று வைத்துக்கொண்டுதான் போடுகிறோம். 1990-ல் வாங்கிய நிலமும் நேற்று வாங்கிய நாற்காலியும் ஒரே ரூபாயில் கூட்டப்படும். பொய் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேலை நடக்கிறது. விறைப்பான பொருளும் இயந்திரவியலில் இந்த மாதிரி ஒரு ஏற்பாடுதான். 1765-ல் ஆய்லர் விறைப்பான பொருட்களின் இயக்கத்துக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். பம்பரத்திலிருந்து பூமியின் சுழற்சி வரை எல்லாவற்றுக்கும் இன்றும் அதுதான் அடிப்படை.

ஆனால் சந்தேகம் அதற்கு முன்பே வந்துவிட்டது. முழுக் கடினமான இரண்டு உருண்டைகள் மோதினால் என்ன ஆகும்? ரப்பர் பந்து மோதும்போது கொஞ்சம் நசுங்கும், அந்த நேரத்தில் வேகம் படிப்படியாகக் குறையும். நசுங்கவே நசுங்காது என்றால் வேகம் ஒரே கணத்தில் மாறவேண்டும். இயற்கை அப்படித் தாவாது என்று லைப்னிட்ஸ் வாதாடினார். நியூட்டனோ அணுக்கள் முழுக் கடினமானவை என்று நம்பியவர். 1724-ல் பாரிஸ் அறிவியல் கழகம் முழுக் கடினமான பொருட்களின் மோதல் விதிகளைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தது. யோஹான் பெர்னூலி எழுதி அனுப்பினார். என்ன எழுதினார்? அப்படிப்பட்ட பொருளே சாத்தியமில்லை என்று! பரிசு மெக்லாரினுக்குப் போயிற்று. கேள்வியே தப்பு என்று விடைத்தாளில் எழுதினால் எந்தக் காலத்திலும் மதிப்பெண் கிடைப்பதில்லை.

அதற்குப் பிறகு ஏறத்தாழ 180 வருடம் இந்த விவகாரம் தூங்கியது. எழுப்பிவிட்டது எலக்ட்ரான்.

1900-க்குப் பிறகு எலக்ட்ரான் எப்படிப்பட்டது என்று பெரிய சண்டை. மாக்ஸ் ஆபிரகாம் அதை விறைப்பான ஒரு சின்ன உருண்டை என்றார். லாரன்ட்ஸ் 1904-ல், ஓடும்போது ஓடும் திசையில் அது சுருங்கும் என்றார். காஃப்மன் என்பவர் வேகமான எலக்ட்ரான்களை வைத்துச் சோதனை செய்து ஆபிரகாம் பக்கம்தான் ஜெயிக்கிறது என்றுகூட 1906-ல் அறிவித்தார் (பின்னால் வந்த சோதனைகள் வேறு கதை சொல்லின). நடுவே 1905-ல் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் வந்துவிட்டது. அதன்படி சுருக்கம் எலக்ட்ரானுக்கு மட்டுமல்ல, ஓடுகிற எல்லாவற்றுக்கும் உண்டு. ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்தில் போகும் 10 அடிக் கம்பு, நின்று பார்ப்பவருக்கு 8 அடிதான்.

இங்கேதான் நம் விடுதிக் கேள்விக்கு நேரடியான விடை இருக்கிறது. முழு விறைப்பு என்றால் இரண்டு முனையும் "ஒரே நேரத்தில்" நகரவேண்டும். யாருடைய நேரத்தில்? சார்பியல்படி தூரத்தில் இருக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒருவருக்கு ஒரே நேரத்தில் நடந்தால், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு முன்பின்னாக நடக்கும். உங்களுக்குக் கம்பி அப்படியே நகர்ந்தது. ராக்கெட்டில் போகிறவருக்கோ ஒரு முனை முதலில் நகர்ந்தது, கம்பி கொஞ்ச நேரம் நீண்டோ குறுகியோ இருந்தது. இன்னொரு திசையில் போகிறவருக்கு, நிலா முனை நீங்கள் தள்ளுவதற்கு முன்பாகவே நகர்ந்துவிட்டது! ஒளியை மிஞ்சும் செய்தி இருந்தால் விளைவு காரணத்துக்கு முன்னால் வரும்படி செய்துவிடலாம் என்று ஐன்ஸ்டைன் 1907-லேயே காட்டியிருந்தார். ஆகவே "முழு விறைப்பான கம்பி" என்பது "நான்கு மூலை உள்ள முக்கோணம்" மாதிரி. பொருள் கிடைக்காதது அல்ல பிரச்சினை, வாக்கியத்துக்கே அர்த்தம் கிடையாது.

கம்பியை முடிவில்லாததாக நீட்டினால் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு முடிவில்லாத கம்பியைப் படுக்கவைத்துக் கட்டிவிடுங்கள். பூமியோடு சேர்ந்து அதுவும் நாளுக்கு ஒரு சுற்று சுற்றவேண்டும், அவ்வளவுதான். ரொம்ப மெதுவான சுழற்சி. ஆனால் பூமத்திய ரேகையின் தளத்தில் சுமார் 412 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டாலே கம்பி அங்கே ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும். யுரேனஸைத் தாண்டியதும், நெப்டியூனுக்குப் போகும் முன்பே! அதற்கு மேல் இருக்கும் கம்பி எல்லாம் சட்டவிரோதம். நாளுக்கு ஒரு சுற்றுக்கே இந்த கதி.

சரி, அப்படியானால் விறைப்பு என்ற கருத்தையே குப்பையில் போட்டுவிடலாமா? இளைஞர் ஒருவர் அதைக் காப்பாற்றப் பார்த்தார். மாக்ஸ் போர்ன். அப்போது அவருக்கு 26 வயது. கோட்டிங்கனுக்கு மின்கோவ்ஸ்கியிடம் வேலை செய்ய வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே, 1909 ஜனவரியில், மின்கோவ்ஸ்கி இறந்துபோனார். அந்த வருடமே போர்ன் விறைப்புக்கு ஒரு புதிய வரையறை கொடுத்தார். பொருளின் எந்தப் புள்ளியோடு சேர்ந்து ஒருவர் பயணித்தாலும் சரி, அவர் தன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் புள்ளியின் தூரத்தை அளந்தால் அது என்றைக்கும் மாறக்கூடாது. முனைக்கு முனை பார்க்காதே, பக்கத்து வீட்டை மட்டும் பார் என்கிறார். "யாருடைய நேரம்" என்ற சிக்கல் இதில் போய்விடுகிறது.

நேர்கோட்டில் முடுக்கப்படும் கம்பிக்கு இது அழகாக வேலை செய்தது. ஆனால் ஒரு விசித்திரம். கம்பி தன் நீளத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் பின்முனை முன்முனையைவிட அதிகமாக முடுக்கப்படவேண்டும். பின்னால் போகப்போக முடுக்கம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் எல்லையில்லாமல் போய்விடும். நீங்கள் இருக்கும் இடத்தில் பூமியின் ஈர்ப்பு அளவுக்கு முடுக்கம் இருந்தால் அந்த எல்லை உங்களுக்குப் பின்னால் சுமார் 0.97 ஒளியாண்டு. முன்னால் கம்பியை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஒளியாண்டுக்கு மேல் கூடாது. முடிவில்லாத கம்பியைக் கேட்பவர்களுக்கு இந்த விடை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

1909 செப்டம்பரில் சால்ஸ்பர்க்கில் விஞ்ஞானிகள் மாநாடு. போர்ன் தன் வேலையைப் பற்றிப் பேசினார். ஐன்ஸ்டைனை அவர் முதன்முதலாகச் சந்தித்ததும் அங்கேதான். இருவரும் இந்த விஷயத்தைப் பேசியபோதே ஒரு இடி தெரிந்தது: நின்றுகொண்டிருக்கும் போர்னின் விறைப்பான பொருளைச் சுழலவைக்கவே முடியாது.

அதே நேரத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த பால் எரன்ஃபெஸ்டும் தனியாக இதைக் கண்டுபிடித்திருந்தார். வியன்னாக்காரர், போல்ட்ஸ்மனின் மாணவர், நிரந்தர வேலைகூடக் கிடைக்காமல் ரஷ்யாவில் இருந்தவர். அவர் எழுதியது ஒரே பக்கம்தான். அந்தப் பக்கத்தில் இருப்பதை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம். ஒரு தட்டு சுழல்கிறது. விளிம்பு, தான் ஓடும் திசையில் சுருங்கவேண்டும், ஆகவே சுற்றளவு குறையவேண்டும். ஆனால் ஆரம் ஓடும் திசைக்குச் செங்குத்து, ஆகவே அது சுருங்காது. அதே ஆரம், குறைந்த சுற்றளவு! விளிம்பு ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்தில் சுழன்றால் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.14-க்குப் பதில் 2.51 வரவேண்டும். நின்று பார்க்கும் நமக்கு வட்டம் வட்டம்தானே, 2.51 எப்படி வரும்?

இது கண்ணுக்குத் தெரியும் விளைவா என்றால் இல்லை. பழைய சிடி டிரைவில் 12 சென்டிமீட்டர் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 63 மீட்டர். அதற்கு வரவேண்டிய சுருக்கம் நாலைந்து புரோட்டான்களை வரிசையாக வைத்த அகலம். சுழற்சியின் இழுப்பில் தட்டு விரிவது இதைவிடக் கோடானுகோடி மடங்கு அதிகம். ஆனால் தத்துவச் சிக்கலுக்கு அளவு முக்கியமில்லை. ஐந்தொகையில் ஒரு ரூபாய் இடித்தாலும் இடித்ததுதான்.

அடுத்த இரண்டு வருடம் ஜெர்மன் இதழ்களில் ஒரே கலாட்டா. 1910-ல் ஹெர்க்ளாட்ஸும் ஃபிரிட்ஸ் நோயதரும் தனித்தனியாக நிரூபித்தார்கள்: சாதாரண விறைப்பான பொருளுக்கு ஆறு விதமாக அசையும் சுதந்திரம் உண்டு, போர்னின் பொருளுக்கோ பொதுவாக மூன்றுதான். ஒரு புள்ளி எப்படிப் போகிறது என்று சொல்லிவிட்டால் மிச்சமெல்லாம் கட்டுப்பட்டுவிடும். (இந்த நோயதர், கணிதத்தில் புகழ்பெற்ற எம்மி நோயதரின் தம்பி. ஹிட்லரிடமிருந்து தப்பி 1934-ல் சோவியத் நாட்டின் டோம்ஸ்க் நகருக்குப் போனார். அங்கே 1937-ல் கைதுசெய்யப்பட்டு 1941-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். பொய்க் குற்றச்சாட்டு என்று 1988-ல் அதே நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. தேற்றத்தைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

பிளாங்க் வேறு மாதிரி சொன்னார். நின்ற தட்டை எப்படிச் சுழலவைத்தாய், அப்போது அது எப்படி இழுபட்டது, இது மீள்தன்மை பற்றிய கேள்வி, வெறும் வடிவியலால் தீராது என்றார். நடுவில் ஸாக்ரெபிலிருந்து வரிச்சாக் என்பவர், இந்தச் சுருக்கமே வெறும் தோற்றம், மனப்பிரமை என்று 1911-ல் எழுதினார். எரன்ஃபெஸ்டின் தட்டு அப்போது பிரச்சினையே இல்லாமல் போய்விடும் பாருங்கள்! ஐன்ஸ்டைன் சுருக்கமாக மறுப்பு எழுதி அந்தக் கதவை மூடினார்.

கடைசி ஆணி அடித்தவர் மாக்ஸ் ஃபான் லாவே, அதுவும் 1911-ல். எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்பப் பிடித்தது அவருடைய வாதம்தான். ஒரு பொருளை ஒரே நேரத்தில் பத்து இடங்களில் குத்துங்கள். ஒளியைவிட வேகமாகச் செய்தி போகாது. ஆகவே கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பத்து இடங்களும் ஒன்றைப் பற்றி இன்னொன்று எதுவும் தெரியாமல் தன் இஷ்டத்துக்கு நகரும். அப்படியானால் அந்தப் பொருளுக்குக் குறைந்தது பத்து சுதந்திரம். ஆயிரம் இடத்தில் குத்தினால் ஆயிரம். எல்லையே இல்லை. ஆறும் கிடையாது, மூன்றும் கிடையாது. சார்பியல் உலகத்தில் எல்லாப் பொருளும் அல்வாதான்.

விறைப்பான பொருளின் கதை இங்கே முடிந்துவிட்டது. தட்டின் கதை முடியவில்லை.

சால்ஸ்பர்க் மாநாடு முடிந்த அந்த மாதக் கடைசியிலேயே ஐன்ஸ்டைன் சோமர்ஃபெல்டுக்கு எழுதிய கடிதத்தில், சுழலும் விறைப்பான பொருள் ரொம்ப முக்கியம், சார்பியலை முடுக்கத்துக்கு விரிவாக்க அது உதவும் என்ற பொருளில் சொல்கிறார். மற்றவர்கள் தட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, தட்டின்மேல் உட்கார்ந்திருப்பவன் எதை அளப்பான் என்று அவர் கேட்டார். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் தட்டு. அவன் சின்னச் சின்ன அளவுகோல்களை விளிம்பில் அடுக்குகிறான். அளவுகோல்கள் சுருங்கியிருப்பதால் அதிகமாகப் பிடிக்கும். ஆரத்தில் அடுக்கினால் வழக்கமான எண்ணிக்கைதான். அதே 60 சதவீத வேகத்தில் அவனுக்குக் கிடைக்கும் விகிதம் 3.93. அதாவது அவனுடைய உலகத்தில் யூக்ளிடின் வடிவியல் செல்லாது. ஐன்ஸ்டைனின் சமத்துவக் கொள்கைப்படி, அவனைப் பிடித்து வெளியே இழுக்கும் விசையை அவன் ஈர்ப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஈர்ப்பு இருக்கும் இடத்தில் வடிவியலே மாறுமோ?

1912 தொடக்கத்தில், பிராக் நகரில் இருந்தபோது எழுதிய கட்டுரையில் ஐன்ஸ்டைன் இதைக் கோடிகாட்டினார். அந்த வருடமே ஸூரிக் திரும்பி, தன் கல்லூரித் தோழர் மார்செல் கிராஸ்மனிடம் உதவி கேட்டார். வளைந்த வெளிகளுக்கான ரீமனின் கணிதம் கையில் கிடைத்தது. 1915 நவம்பரில் பொதுச் சார்பியல். 1916-ல் அவர் வெளியிட்ட முழு விளக்கக் கட்டுரையில், ஏன் யூக்ளிடை விடவேண்டும் என்று சொல்லும் இடத்தில் அந்தச் சுழலும் வட்டம்தான் வருகிறது. சாதாரண வாசகர்களுக்காக 1917-ல் வெளியிட்ட புத்தகத்திலும் அதே தட்டு. ஜான் ஸ்டாச்சல் என்ற வரலாற்றாளர் 1980-ல் இந்தத் தட்டைப் பொதுச் சார்பியல் வரலாற்றின் "விடுபட்ட கண்ணி" என்றே அழைத்தார். அது மிகை இல்லை என்பது என் கருத்து. தட்டு இல்லாவிட்டாலும் வேறு வழியில் போயிருப்பார் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், அவர் நடந்துபோன வழி இதுதானே.

எரன்ஃபெஸ்ட் அதே 1912-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் லாரன்ட்ஸின் நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தார், ஐன்ஸ்டைனின் நெருங்கிய நண்பரும் ஆனார். போர்ன் வேறு துறைக்குப் போய் 1954-ல் நோபல் வாங்கினார். எலக்ட்ரான் விறைப்பான உருண்டையா என்ற முதல் கேள்வியை யாரும் மறுபடி அந்த வடிவத்தில் கேட்கவில்லை.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1959-ல் டீவன், பெரான் என்ற இருவர் ஒரு புதிர் போட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ராக்கெட்டுகள், நடுவில் இறுக்கமாகக் கட்டிய மெல்லிய நூல். நம் கடிகாரப்படி இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முடுக்கத்தோடு கிளம்புகின்றன. ஆகவே நமக்கு அவற்றின் இடைவெளி மாறுவதில்லை. நூல் அறுமா, அறாதா? ஜான் பெல் (குவாண்டம் தேற்றத்தின் அதே பெல்தான்) ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தின் உணவகத்தில் இதைப் பேச்சுக்கு எடுத்தபோது, பெரிய அனுபவசாலி ஒருவர் அறாது என்று அடித்துச் சொன்னாராம். பெல் விடாமல் அங்கிருந்த கோட்பாட்டு இயற்பியலாளர்களைச் சுற்றிக் கேட்டிருக்கிறார். தெளிவான பெரும்பான்மை, அறாது! அவர்களில் பலர் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார்கள் என்று 1976-ல் பெல் எழுதியிருக்கிறார். ஓடும் நூல் சுருங்க விரும்புகிறது, இடைவெளியோ சுருங்கவில்லை. வேகம் போதுமான அளவு ஏறியதும் நூல் அறுந்துவிடும்.